கலைந்ததும் கலைத்ததும்

கர்ப்பத்தின் 11ஆவது வார ஸ்கேனில், ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அதுவரை என்ன வேலை பார்க்கிறேன், தூக்கம் வருகிறதா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தவர். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "டாக்டர் வந்து பார்ப்பாங்க" என்றார். டாக்டர் வந்தார். எட்டரை வாரத்தோடு வளர்ச்சி நின்றிருக்கிறது, துடிப்பு இல்லை என்றார். அன்று காலையில்கூட நான் வாந்தி எடுத்திருந்தேன். நஞ்சுக்கொடித் திசு இருக்கிறவரை ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்குமாம். எல்லாம் முடிந்து இரண்டரை வாரம் ஆகியும் என் உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதற்கப்புறம் நடந்த மருத்துவ விஷயங்களை விட்டுவிடுகிறேன். வலித்தது, முடிந்தது. ஆனால் ஒரு காகிதம் என்னோடு வீடுவரை வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில், நோய் என்ற இடத்தில், 'மிஸ்டு அபார்ஷன்' என்று இருந்தது. தானாக நின்றுபோன கர்ப்பத்துக்கும் மருத்துவ ஏடுகளில் அபார்ஷன் என்றுதான் பெயர். அதை எனக்கு யாரும் விளக்கவில்லை. நம் பேச்சில் அபார்ஷன் என்றால் வேண்டாம் என்று செய்துகொள்வது. அந்தக் காகிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். இரவில் எடுத்துப் படித்துவிட்டு மறுபடி வைப்பேன்.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் மாமியார் எப்போதும் வில்லியாக வருகிறார். என் மாமியார் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. "ஆரம்பத்துலயே போனது ஒரு வகையில நல்லதும்மா" என்றார். அம்மா, "வயசு இருக்கு, அடுத்தது நிக்கும்" என்றார். இரண்டும் ஆறுதலுக்காகச் சொன்னவை. இரண்டையும் கேட்ட பிறகு அழ இடம் இல்லாமல் போனது. நல்லதுக்கு நடந்த ஒன்றுக்காக எப்படி அழுவது?

இப்படி ஊர் அங்கீகரிக்காத துக்கத்துக்கு உளவியலில் தனிப் பெயரே இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். முகம் பார்க்காத, பெயர் வைக்காத ஒன்றை இழந்தால் நீ துக்கப்படலாம் என்று யாரும் அனுமதி தருவதில்லை. நாமும் நமக்குத் தருவதில்லை.

ஆறு வாரம் இப்படிப் போனது. வேலைக்குத் திரும்பியிருந்தேன், சிரித்தேன், பதில் மின்னஞ்சல்கள் அனுப்பினேன். அதே சமயம் அந்த ஸ்கேன் அறையின் ஜெல் குளிர்ச்சி, குளித்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் திடீரென்று வரும். நினைவு என்று சொன்னால் போதாது, தோல் மறுபடி அதை உணரும். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலையைத் தவிர்க்க இருபது நிமிடம் சுற்றிப் போனேன். தோழி ஒருத்தி கர்ப்பம் என்று சொன்னபோது வாழ்த்திவிட்டு அவள் எண்ணை மியூட்டில் போட்டேன்.

இது துக்கமா, அதைத் தாண்டிய வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியினரும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, ஆரம்ப மாதங்களில் கர்ப்பத்தை இழந்த 650க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு. நான் அந்த எண்களை இரண்டு பக்கமும் படித்தேன். பெரும்பாலானோருக்குக் காலப்போக்கில், தெரபி இல்லாமலே, சுமை குறைகிறது. எல்லோரும் கவுன்சலரிடம் ஓட வேண்டியதில்லை. ஆனால் குறையாதவர்கள் அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, அதில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

தெரபிக்குப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். 'பேச்சு சிகிச்சை' என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன். அப்பா குழம்பிப்போய், "உனக்குப் பேச்சு நல்லாத்தானேம்மா வருது?" என்று கேட்டார். திக்குவாய்க்குக் கொடுப்பது என்று நினைத்திருக்கிறார். ஆறு வாரத்தில் முதல்முறையாக நிஜமாகச் சிரித்தேன்.

முதலில் பார்த்த கவுன்சலர் எனக்குப் பொருந்தவில்லை. முதல் சந்திப்பின் இருபதாவது நிமிடத்தில், "பாசிட்டிவா யோசிங்க, அடுத்த குழந்தைக்கு மனசைத் தயார் பண்ணலாம்" என்றார். அம்மா இலவசமாகச் சொன்னதைக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன். என்மேல்தான் தப்போ என்று இரண்டாவது முறையும் போனேன். மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார். பயிற்சியில் குறையில்லை, இன்றும் செய்கிறேன். ஆனால் ஸ்கேன் அறை என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். மூன்றாவது முறை போகவில்லை. "தொடர விரும்பவில்லை, நன்றி" என்று ஒரு வரி அனுப்பினேன். அதை எழுத நாலு நாள் ஆனது. இப்போது யோசித்தால் நாலு நிமிடம் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. எந்த முறை தெரபி என்பதைப் போலவே, கவுன்சலருக்கும் வருபவருக்கும் இடையே ஒட்டுதல் இருக்கிறதா என்பதும் பலனைப் பெரிதாகத் தீர்மானிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பொருந்தாத இடத்தில் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பது யாருக்கும் உதவாது.

இரண்டாவது முறை கொஞ்சம் விவரமாகத் தேடினேன். அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்னால் போனிலேயே கேட்டேன்: கர்ப்ப இழப்புக்கு ஆளானவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? என்ன படித்திருக்கிறீர்கள், யாரிடம் பயிற்சி? எந்த முறையில் செய்வீர்கள்? கடைசி நேரத்தில் வரமுடியாவிட்டால் கட்டணம் உண்டா? இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது. மனநல மருத்துவர் மருந்து எழுதலாம், உளவியலாளரும் கவுன்சலரும் பொதுவாக எழுத முடியாது என்ற வித்தியாசமும் அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. மருந்தும் பேச்சும் எதிரிகள் அல்ல, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன்: தமிழில் பேசலாமா? வேலையில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுகிறேன். ஆனால் ஆங்கிலத்தில் என் துக்கத்தைச் சொன்னால் அது வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. முதல் கவுன்சலரிடம் ஆங்கிலத்தில்தான் பேசினேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இது முக்கியம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைப் பார்த்தால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமாக இருந்தது.

இப்படித் தேடிக் கிடைத்தவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார். பிஹெச்க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. நான் 'இல்லை' என்று குறித்தேன். அவர் அதோடு விடாமல் வாய்விட்டும் கேட்டார். அந்த எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கணவரிடம் சொல்ல வேண்டும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போக வேண்டும் என்று இருவரும் பேசி எழுதி வைத்துக்கொண்டோம். நான் சொல்வது எதுவும் வெளியே போகாது, என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். ரத்தசோகையும் தைராய்டும் பரிசோதித்தாயிற்றா என்றும் கேட்டார். சோர்வு எல்லாம் மனசிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லையே.

ஐம்பது நிமிடச் சந்திப்பு. முதல் நாள் முக்கால்வாசி நேரம் அழுதேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. அழுகைக்குக் காசு வீணாகிறதே என்றுகூடத் தோன்றியது. வெளியே வந்தால் தலை விண்விண் என்று தெறித்தது. அன்று மாலை ஒரு வேலைக் கூட்டம் வைத்திருந்தேன், அதில் என்ன பேசினேன் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு தெரபி நாளில் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்வதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் போவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. மூடி வைத்ததைத் திறந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

சில வாரம் வீடியோவில் பேசினோம். வீட்டில் கதவைச் சாத்தினாலும் குரல் வெளியே கேட்கும் என்ற பயம், ஆகவே நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து இயர்போன் போட்டுக்கொண்டு பேசினேன். ஒவ்வொரு முறையும் நான் எங்கே இருக்கிறேன் என்பதை முதலில் கேட்டுக்கொள்வார். அந்த கார் இன்றும் எனக்கு ஒரு மாதிரி அழுகை அறைதான்.

இப்போது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன்.

கர்ப்பம் உறுதியான முதல் வாரம் எனக்குச் சந்தோஷமாக இல்லை. புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பரிசோதனைக் குச்சியில் இரண்டாவது கோட்டைப் பார்த்ததும், 'ஐயோ, இப்பவா' என்று நினைத்தேன். ஐந்தாறு நாள் அந்த நினைப்பு இருந்தது, அப்புறம் போய்விட்டது. பெயர்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இழந்த பிறகு அந்த ஐந்தாறு நாள் மட்டும்தான் மிஞ்சியது. வேண்டாம் என்று நினைத்தது அதன் காதில் விழுந்துவிட்டது என்று நம்பினேன். இதைக் கணவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. மேடத்திடமும் நாலு சந்திப்புவரை சொல்லவில்லை. வேறு எல்லாம் பேசினேன், இதைச் சுற்றிச் சுற்றி.

ஐந்தாவது முறை போகும்போது போனில் தட்டச்சு செய்துகொண்டு போனேன். வாய் வரவில்லை, போனை அவரிடம் நீட்டினேன். சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம் என்று அவர்தான் முதல் நாளே சொல்லியிருந்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதிர்ச்சியடையவில்லை. "இல்லவே இல்ல, உங்க தப்பு இல்ல" என்று அவசரப்பட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, கவனிச்சீங்களா? 'நான் கலைச்சுட்டேன்'னு சொன்னீங்க" என்றார்.

நான் கவனிக்கவில்லை. கலைந்தது என்றுதான் சொன்னதாக நினைத்திருந்தேன்.

கலைந்தது, கலைத்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்ததுதான், நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. மேகம் கலைந்தது, கூட்டம் கலைந்தது, தூக்கம் கலைந்தது: தானாக நடந்தவை. கலைத்தது என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நான் என்னையே வைத்திருந்தேன். அலமாரியில் இருந்த காகிதமும் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் வரைந்தார். இது சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் வழக்கமான பயிற்சி என்று சொன்னார். இது நடந்ததற்கு என்னென்ன காரணம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். பட்டியலில் என் நினைப்பு, நான் தூக்கிய பை, ராத்திரி வேலை, மாடிப்படி எல்லாம் இருந்தன. குரோமோசோம் கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் எவ்வளவு பங்கு என்று கோடு போட வேண்டும். ஒரே நிபந்தனை, என் பங்கைக் கடைசியில்தான் போட வேண்டும்.

கோடு போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார். கேட்டேன். ஆரம்ப மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் நிற்பவை என்றார் டாக்டர். வழக்கமான வேலை, மாடிப்படி, சாதாரணப் பை எல்லாம் காரணம் ஆகாது என்றார். நினைப்பு? அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஒரு நினைப்புக்கு அவ்வளவு சக்தி இருந்தா, வேணும்னு நினைக்கிறவங்க எல்லாருக்கும் நின்னிருக்கணுமேம்மா" என்றார். உலகம் முழுக்க வருஷத்துக்கு 2.3 கோடிக் கருச்சிதைவுகள் நடப்பதாக 2021இல் லான்செட் மருத்துவ இதழ் மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை பேரும் ஏதாவது நினைத்திருப்பார்கள்.

வட்டத்தில் பெரிய பாகம் குரோமோசோமுக்குப் போனது. அடுத்தது 'தெரியாது'. இந்த 'தெரியாது'வுக்குத்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். என் கருவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஆகவே உறுதியான காரணம் எனக்கு என்றைக்கும் கிடைக்காது. காரணம் தெரியாமல் இருப்பதைவிட நானே காரணமாக இருந்துவிடுவது ஒரு விதத்தில் எளிதாக இருந்தது என்பது அந்த வட்டத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் தப்பு என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் அல்லவா? கடைசியில் என் பங்குக்கு இடமே இல்லை. பிடிவாதமாகப் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். அவர் அழிக்கச் சொல்லவில்லை. அந்தத் தாள் இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறது.

அன்றோடு எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. குற்றவுணர்ச்சி விலகிய இடத்தில் வெறும் துக்கம் வந்து உட்கார்ந்தது. ஆனால் அதை அழ முடிந்தது.

கணவரையும் இரண்டு முறை அழைத்துப் போனேன். அவர் மறுநாளே வேலைக்குப் போனார், வீட்டுக் குழாயைச் சரிசெய்தார், காப்பீட்டுக் காகிதங்களை அனுப்பினார். இவருக்கு ஒன்றுமே இல்லை என்று நான் உள்ளுக்குள் கருவிக்கொண்டிருந்தேன். மேடம் அங்கே ஒரு விஷயம் விளக்கினார். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும், அன்றாட வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தும் பக்கமும் மாறி மாறி ஊசலாடுவார், இரண்டும் துக்கத்தின் வேலைதான். நான் ஒரு பக்கமே நின்றிருக்கிறேன், அவர் மறுபக்கமே நின்றிருக்கிறார். பிறகு அவர் சொன்னார், தினமும் வேலையிலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவாராம். நான் அழுகிற அதே காரில்.

சாலையைச் சுற்றிப் போகும் பழக்கத்தைப் படிப்படியாக விட்டேன். முதலில் அந்தத் தெரு முனை, அடுத்த வாரம் வாசல், அதற்கடுத்து வரவேற்பறையில் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் படபடப்பு தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இதை நானாகச் செய்து பார்க்கவில்லை, மேடத்தோடு திட்டம் போட்டுத்தான் செய்தேன். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவும் ஒத்திகை பார்த்தோம். அவர் அத்தையாக நடித்தார், நன்றாகவே நடித்தார். "அதைப் பத்தி இப்ப பேச வேணாம் அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க?" இந்த ஒரு வரியைச் சிரிக்காமல், விளக்காமல் சொல்லப் பழக எனக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் பாதியை விட இரண்டாம் பாதிதான் வேலை செய்கிறது. தன்னைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பிடிக்கும்.

பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்திருந்த நாள் வரப்போகிறது என்பதை ஒரு மாதம் முன்னாலேயே பேசினோம். அந்த நாள் சும்மா வந்து மோதட்டும் என்று விடாதீர்கள், என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். விடுப்பு எடுத்தோம். ஒரு கடிதம் எழுதினேன். அந்த 'ஐயோ, இப்பவா'வையும் எழுதினேன். கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றார்.

பதினான்கு சந்திப்புக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டோம். மியூட்டில் போட்ட தோழியிடம் இன்னும் பேசவில்லை. அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அது பாக்கி இருக்கிறது. போன வாரம் மேடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். முக்கால்வாசி நேரம் புது மேனேஜரைப் பற்றித்தான் புலம்பினேன். பேச்சு ஓய்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும் மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.